வேரூன்று, காலூன்று, நிலைபெறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்று ஓரிடத்தில் அசைக்க முடியாதபடி நின்றுவிட்டது என்று சொல்லத் தமிழில் ஒரு சொல் இல்லை, ஒரு கூட்டமே இருக்கிறது. அதில் அதிகம் புழங்குவது ‘வேரூன்றிய’. செய்தி, கட்டுரை, மேடைப்பேச்சு என எங்கும் வரும், வரக்கூடாத இடத்திலும் வரும். அந்தச் சொல்லையும் அதன் உறவுக்காரச் சொற்களையும் பற்றி மாணவர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் எழுதுகிறவர்களும் வழக்கமாகக் கேட்பவை இவை.

‘வேரூன்று’ என்றால் சரியாக என்ன பொருள்?

வேர் + ஊன்று. மரமோ செடியோ வேரை மண்ணுக்குள் இறக்கி நிற்பது நேர்ப்பொருள். பழக்கம், நம்பிக்கை, அமைப்பு, கட்சி என எதுவானாலும் எளிதில் அகற்ற முடியாதபடி நிலைத்துவிடுவது அதிலிருந்து வந்த பொருள். இன்று இந்த இரண்டாவதுதான் அதிகம் காதில் விழுகிறது.

வயலிலும் தோட்டத்திலும் வேலை செய்கிறவர்கள் ‘செடி வேரூன்றிவிட்டது’ என்று சொல்வது அரிது. ‘வேர் பிடித்துவிட்டது’, ‘வேர் விட்டிருக்கிறது’ என்பார்கள். நாற்றைப் பறித்து நட்ட முதல் சில நாட்கள் நெற்பயிர் துவண்டு வெளிறி நிற்கும். புதுவேர் விட்டு நிமிர்ந்து நிறம் திரும்பியதும் ‘பச்சை பிடித்துவிட்டது’ என்பார்கள். மண்ணில் நடப்பதைச் சொல்ல அவர்களிடம் இவ்வளவு துல்லியமான சொற்கள் இருப்பதால், ‘வேரூன்று’ மண்ணை விட்டு மேடைக்குப் போய்விட்டது போலும்.

‘ஊன்று’ தனியாக வந்தால் என்ன பொருள்?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் மற்றவற்றில் பாதிக்கு விடை தெரிந்துவிடும். ஊன்றுதல் என்றால் பாரத்தைக் கொடுத்து அழுத்துதல். வெறுமனே வைப்பதற்கும் ஊன்றுவதற்கும் உள்ள வேறுபாடு அந்த அழுத்தம்தான். மேசைமேல் கையை வைத்தால் கை அங்கே இருக்கிறது, அவ்வளவுதான். மேசைமேல் கையை ஊன்றினால் உடம்பின் கனம் கை வழியாக மேசைக்கு இறங்குகிறது. தரையில் உட்கார்ந்திருப்பவர் ‘கையை ஊன்றி எழுந்தார்’ என்று படித்தவுடன் அவருடைய வயதோ அசதியோ நமக்குத் தெரிந்துவிடுகிறது.

கம்பம் ஊன்றுகிறோம், பந்தலுக்குக் கால் ஊன்றுகிறோம். இரண்டும் பாரம் தாங்க வேண்டியவை. விதையையும் ஊன்றுகிறோம். கையில் அள்ளி வீசினால் அது விதைத்தல் அல்லது தூவுதல். நிலக்கடலை, மக்காச்சோளம், பருத்தி போல ஒவ்வொரு விதையாகக் குழிக்குள் அழுத்தி மூடினால் அது ஊன்றுதல். கோலைக் குழியில் ஊன்றி, உடம்பின் கனத்தை அதன்மேல் ஏற்றி, உயரத்தைத் தாண்டும் விளையாட்டை இலங்கைத் தமிழ் நாளிதழ்கள் ‘கோலூன்றிப் பாய்தல்’ என்று எழுதுகின்றன. அழகான பெயர். தமிழ்நாட்டில் அது அவ்வளவாகப் புழங்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

மனதுக்கும் இதே கணக்குதான். ‘ஊன்றிப் படி’, ‘ஊன்றிக் கவனி’ என்றால் மனதின் முழுப் பாரத்தையும் அதன்மேல் இறக்கு என்று பொருள். ‘ஆழ்ந்து படித்தல்’ வேறு. ஆழ்ந்து படிப்பவர் தன்னை மறந்து புத்தகத்துக்குள் போய்விடுகிறார். ஊன்றிப் படிப்பவர் விழிப்போடு ஒவ்வொரு வரியையும் சோதிக்கிறார். நாவலை ஆழ்ந்து படிக்கலாம், வாடகை ஒப்பந்தத்தை ஊன்றித்தான் படிக்க வேண்டும்.

கால்பதித்தல், காலூன்றுதல், வேரூன்றுதல்: மூன்றும் ஒன்றுதானா?

இல்லை. மூன்றும் அடுத்தடுத்த கட்டங்கள். இவற்றைக் குழப்பிக்கொள்வதுதான் எழுத்தில் அதிகம் காணும் பிழை.

கால்பதித்தல் என்பது முதன்முதலாக வந்து சேர்வது. 1969இல் மனிதன் நிலவில் கால்பதித்தான். காலூன்றினான் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் போனவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். ஒரு நிறுவனம் புதிய துறையில் தன் முதல் பொருளை வெளியிட்டால் அந்தத் துறையில் ‘கால்பதித்திருக்கிறது’.

காலூன்றுதல் அடுத்த கட்டம். வந்தவர் தள்ளினாலும் விழாத அளவுக்குத் தன் கனத்தை இறக்கிவிட்டார். அந்த நிறுவனத்தின் பொருளுக்கு வாடிக்கையாளர்கள் சேர்ந்து, போட்டியாளர்கள் அதைக் கணக்கில் எடுக்கத் தொடங்கினால் அது ‘காலூன்றிவிட்டது’. தேர்தல் காலச் செய்திகளில் ‘காலூன்ற முயலும் கட்சி’ என்று அடிக்கடி வருவதைக் கவனியுங்கள். வெளியிலிருந்து வந்த கட்சிக்குத்தான் அப்படி எழுதுவார்கள். அந்த மண்ணிலேயே பிறந்த கட்சிக்கு எழுதினால் பொருந்தாது.

வேரூன்றுதலுக்குக் காலம் வேண்டும். காலூன்றியவர் நினைத்தால் காலைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம், வேரூன்றியது அப்படிப் போக முடியாது. பிடுங்கினால் மண்ணும் சேர்ந்து வரும். அதனால் நேற்றுத் தொடங்கிய ஒன்றை ‘வேரூன்றிவிட்டது’ என்று எழுதுவது மிகை. ‘திறந்த இரண்டே மாதத்தில் வேரூன்றிய கடை’ என்ற விளம்பர வாசகத்தை யாரும் நம்பப்போவதில்லை.

ஒருவரைப் பற்றி ‘வேரூன்றியவர்’ என்று சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் தனி ஆளைவிடத் தலைமுறைகளுக்குத்தான் அது பொருந்தும். மலேசியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் தமிழர்கள் வேரூன்றியிருக்கிறார்கள் என்றால் சரி. தோட்ட வேலைக்குப் போனவர்களின் பேரன் பேத்திகளுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் அதுதான் சொந்த மண். வேலை கிடைத்து ஐந்தாண்டுக்கு முன் வெளிநாடு போன ஒருவருக்கு ‘குடியேறினார்’ போதும். பேச்சில் என்றால் ‘செட்டில் ஆகிவிட்டார்’. வேறு எதுவும் அந்த இடத்தை நிரப்புவதில்லை, அதை ஒத்துக்கொள்வதே நல்லது.

‘வேரூன்றிய’ நல்லதற்கு வருமா, கெட்டதற்கு வருமா?

இரண்டுக்கும் வரும். ‘ஜனநாயகம் வேரூன்றிய நாடு’ என்றும் எழுதலாம், ‘சாதி வேரூன்றிய சமூகம்’ என்றும் எழுதலாம். சொல் பக்கம் சாய்வதில்லை. பக்கம் சாய்ந்த சொல் வேண்டுமென்றால் வேறு இருக்கின்றன.

கெட்டதற்கு மட்டும் வருவது ‘புரையோடிய’. ஆறாத புண் மேலே மூடியிருக்க, உள்ளே துளைத்துக்கொண்டு போவதைப் புரையோடுதல் என்பார்கள். ‘புரையோடிப்போன ஊழல்’ என்றால் ஊழல் பழசு என்பதோடு, அது வெளியே தெரியாமல் உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறது என்பதும் சேர்ந்து வந்துவிடுகிறது. ‘வேரூன்றிய ஊழல்’ என்பதைவிட இது கூர்மையானது. ஆனால் எல்லாக் கட்டுரையிலும் வந்து வந்து அதன் முனையும் இப்போது மழுங்கிக்கொண்டிருக்கிறது.

‘ஊறிப்போன’ பழக்கத்துக்கும் குணத்துக்கும். பொய் ஊறிப்போன வாய், சோம்பல் ஊறிப்போன உடம்பு. நல்லதற்கு ‘ஊறிய’ போதும்: இசையில் ஊறியவர், தமிழில் ஊறியவர். ‘போன’ சேர்ந்ததும் சலிப்பு வந்து ஒட்டிக்கொள்கிறது. ‘குடிகொண்ட’ என்பது உணர்ச்சிக்கு: பயம் மனதில் குடிகொண்டது, அமைதி முகத்தில் குடிகொண்டது.

‘வேரூன்றிவிட்டது’, ‘வேரூன்றிப்போனது’, ‘வேரூன்றியிருக்கிறது’: எதை எங்கே எழுதுவது?

வேரூன்றி என்ற வினையெச்சத்தோடு சேரும் துணைவினைதான் எழுதுகிறவரின் மனநிலையைக் காட்டிக்கொடுக்கும்.

‘வேரூன்றி வருகிறது’ என்றால் இன்னும் முடியவில்லை, நடந்துகொண்டிருக்கிறது. ‘வேரூன்றியிருக்கிறது’ அல்லது ‘வேரூன்றியுள்ளது’ என்றால் இப்போதைய நிலையைச் சொல்கிறோம், கருத்துச் சொல்லவில்லை. அறிக்கைக்கு இது ஏற்றது. ‘வேரூன்றிவிட்டது’ என்றால் முடிந்தது, இனி மாற்ற முடியாது. ‘வேரூன்றிப்போனது’ என்றால் அதே முடிவுதான், ஆனால் கைமீறிப்போன வருத்தம் அதில் இருக்கிறது.

‘நிற்கிறது’, ‘கிடக்கிறது’ இரண்டும் இன்னும் சுவாரசியம். ‘மொழிப்பற்று வேரூன்றி நிற்கிறது’ என்கிறோம், ‘மூடநம்பிக்கை வேரூன்றிக் கிடக்கிறது’ என்கிறோம். இடம் மாற்றிப் பாருங்கள். ‘மொழிப்பற்று வேரூன்றிக் கிடக்கிறது’ என்றால் அது ஏதோ வேண்டாத பொருள் மாதிரி ஆகிவிடும். ‘மூடநம்பிக்கை வேரூன்றி நிற்கிறது’ என்றால் எழுதியவருக்கு அதில் பெருமையோ என்று தோன்றும். நிற்பதற்கு மரியாதை, கிடப்பதற்கு இளக்காரம். இலக்கணப் புத்தகத்தில் இதைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், காதே சொல்லிவிடும்.

‘வேரூன்றப்பட்ட’ என்று எழுதலாமா?

வேண்டாம். மொழிபெயர்ப்புகளில் இது நிறையவே வருகிறது. ‘கம்பம் ஊன்றப்பட்டது’ சரி, ஏனென்றால் கம்பத்தை வேறொருவர் ஊன்றினார். ‘வேரூன்று’ என்பதில் ஊன்றப்படும் பொருளான வேர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, ஊன்றுவது அந்த மரமே. அதற்குச் செயப்பாட்டு வினை தேவையில்லை. ‘மக்கள் மனதில் வேரூன்றப்பட்ட எண்ணம்’ என்பதை ‘வேரூன்றிய எண்ணம்’ என்று எழுதினால் போதும். வேறொருவர் திட்டமிட்டுச் செய்ததைச் சொல்ல வேண்டுமென்றால் ‘விதைக்கப்பட்ட எண்ணம்’ என்றோ, ‘அந்த எண்ணத்தை வேரூன்றச் செய்தார்கள்’ என்றோ எழுதலாம். காலூன்றுக்கும் இதே விதிதான்.

வேரூன்றியா, வேறூன்றியா?

வேரூன்றி. மரத்தின் வேருக்கு இடையின ‘ர்’. ‘வேறூன்றி’ என்று எழுதினால் ‘வேறு’ என்ற சொல் வந்து உட்கார்ந்துவிடும். ஊன்றில் வரும் ‘று’ முன்னாடியே மனதில் ஓடுவதால் கை தவறுகிறது என்று நினைக்கிறேன்.

இன்னொரு பிழை ‘ஊண்றி’. றகரத்துக்கு முன்னால் வரும் மெல்லின எழுத்து ‘ன்’ மட்டுமே, ‘ண்’ வராது. ‘ஊண்’ என்றால் உணவு, ‘ஊன்’ என்றால் இறைச்சி. ஊன்றுதலுக்கும் இவை இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

ஒற்று மிகுமா?

வேரூன்றிப் போனது, வேரூன்றிக் கிடக்கிறது, வேரூன்றச் செய்தது: மிகும். வேரூன்றிய கட்சி, வேரூன்றிய பழக்கம்: மிகாது, பெயரெச்சம்.

நிலைகொள், நிலைபெறு, நிலைநாட்டு, நிறுவு: இவற்றுக்குள் என்ன வேறுபாடு?

முதலில் யார் செய்கிறார்கள் என்று பாருங்கள். நிலைகொள், நிலைபெறு இரண்டும் தானாக நிகழ்பவை. நிலைநாட்டு, நிறுவு இரண்டும் ஒருவர் செய்பவை.

நிலைபெறுதலில் ஓர் ஏற்பு இருக்கிறது. மற்றவர்கள் ஒத்துக்கொண்டால்தான் ஒன்று நிலைபெறும். புதுச்சொற்களை வைத்துப் பார்த்தால் இது விளங்கும். ‘கணினி’ வழக்கில் நிலைபெற்றுவிட்டது. அதோடு வந்த ‘கணிப்பொறி’ பின்தங்கிவிட்டது. ‘பேருந்து’ எழுத்தில் நிலைபெற்றது, பேச்சில் பஸ்ஸை அசைக்க முடியவில்லை. இதே இடத்தில் ‘கணினி என்ற சொல் வேரூன்றிவிட்டது’ என்றாலும் தவறில்லை. ஆனால் நிலைபெற்றது என்றால் தேர்வில் வென்றது என்பது கூடவே வருகிறது.

நிலைநாட்டுவது எதிர்ப்புக்கு நடுவே செய்வது. உரிமையை நிலைநாட்டினார்கள், சட்டம் ஒழுங்கை நிலைநாட்டினார்கள். எதிர்ப்போ குழப்பமோ இல்லாத இடத்தில் இந்தச் சொல் வெறும் ஆரவாரம். இலங்கைத் தமிழில் விளையாட்டு வீரர் ‘சாதனை நிலைநாட்டினார்’ என்பது இயல்பான வழக்கு. தமிழ்நாட்டில் ‘சாதனை படைத்தார்’ என்பார்கள்.

நிறுவுதல் அமைதியான வேலை. பள்ளி நிறுவலாம், சிலை நிறுவலாம், கணினியில் மென்பொருள் நிறுவலாம், கணக்கில் ஒரு தேற்றத்தை ‘என நிறுவுக’ என்று கேட்கலாம். நிறுவனம், நிறுவனர் எல்லாம் இதன் பிள்ளைகள். நிறுவியது எல்லாம் நிலைபெற்றுவிடாது. தொடங்கிய வேகத்தில் மூடிய நிறுவனங்களும் நிறுவப்பட்டவைதான்.

வானிலைச் செய்தியில் ‘நிலைகொண்டுள்ளது’ என்கிறார்கள், உடனே ‘நகர்ந்து வருகிறது’ என்கிறார்கள். அது எப்படி?

‘தென்கிழக்கு வங்கக்கடலில் நிலைகொண்டுள்ள காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் மேற்கு வடமேற்குத் திசையில் நகர்ந்து’ என்று ஒரே வாக்கியத்தில் இரண்டும் வருவது கொஞ்சம் வேடிக்கைதான். இங்கே நிலைகொள்வது என்றால் அந்த நேரத்தில் அது இருக்கும் இடம் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. ‘மையம் கொண்டுள்ளது’ என்பதும் அப்படியே. உண்மையிலேயே நகராமல் நின்றுவிட்டால் ‘ஒரே இடத்தில் நீடிக்கிறது’, ‘நகராமல் உள்ளது’ என்று தனியாகச் சொல்லிவிடுவார்கள். ராணுவம் எல்லையில் நிலைகொண்டுள்ளது என்பதும் இந்த வகை. உத்தரவு வந்தால் கிளம்பிவிடும். ஆக, நிலைகொள்வதை வேரூன்றுவதோடு சேர்க்கக் கூடாது.

இதன் எதிர்மறை இன்னும் உயிரோட்டமானது. மகிழ்ச்சியிலோ பதற்றத்திலோ ஒருவருக்கு ‘நிலைகொள்ளவில்லை’ என்கிறோம். தண்ணீரில் கால் தரையைத் தொடாத ஆழத்தையும் ‘கால் நிலைக்காத ஆழம்’ என்கிறோம். இரண்டிலும் கால் தரையில் இல்லை.

‘அறுகுபோல் வேரூன்றி’யா, ‘அறுகுபோல் வேரோடி’யா?

‘ஆல்போல் தழைத்து, அறுகுபோல் வேரோடி, மூங்கில்போல் சுற்றம் முசியாமல் வாழ்க’ என்பது மணமக்களை வாழ்த்தும் மரபு வாக்கு. இரண்டு வடிவங்களும் வழக்கில் உண்டு. எனக்கு ‘வேரோடி’ பொருத்தமாகப் படுகிறது. அறுகு ஆழமாக ஒரு வேரை இறக்கி நிற்கும் செடி இல்லை. தரையோடு படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விட்டு ஓடுவது. ஓரிடத்தில் வெட்டினாலும் இன்னொரு கணுவிலிருந்து தழைக்கும். ஊன்றுவதைவிட ஓடுவதுதான் அதன் வழி. ஆழத்தைச் சொல்ல வேண்டுமென்றால் ஆணிவேர் கொண்ட மரத்தைத்தான் தேட வேண்டும்.

ஒரு சின்ன எச்சரிக்கை: ‘வேரோடி’ என்றால் வேர் பரவி, ‘வேரோடு’ என்றால் வேருடன் சேர்த்து. முன்னது வாழ்த்து, பின்னது ‘வேரோடு சாய்ந்தது’, ‘வேரோடு பிடுங்கினான்’ என்று வருவது. வாழ்த்து மடலில் ஓர் எழுத்து மாறினால் கதை மாறிவிடும்.

‘வைரம் பாய்ந்த’ என்பதும் இந்தக் கூட்டத்தில் சேருமா?

சேரும். முற்றிய மரத்தின் நடுத்தண்டு இறுகிக் கறுத்துக் கோடரிக்கு மசியாமல் போவதை வைரம் பாய்வது என்பார்கள். ‘வைரம் பாய்ந்த உடம்பு’ என்பது உழைத்து இறுகிய உடம்பு. பழைய சொல் ‘காழ்’. திருக்குறள் 879இல் ‘இளைதாக முள்மரம் கொல்க களையுநர் கைகொல்லும் காழ்த்த இடத்து’ என்று வருவது அதுதான். முள்மரத்தைச் சிறிதாக இருக்கும்போதே வெட்டிவிடு, முற்றி இறுகிவிட்டால் வெட்டுகிறவன் கையையே அது பதம்பார்க்கும். வேரூன்றிய ஒன்று அகற்ற வருபவரைத் தடுக்கும், காழ்த்த ஒன்று அவரைக் காயப்படுத்தவும் செய்யும். நாள்பட்ட பகையைப் பற்றி எழுதும்போது இந்த வேறுபாடு உதவும்.

‘பசுமரத்தாணி போல வேரூன்றியது’ சரியா?

இல்லை. பச்சை மரத்தில் ஆணி சட்டென்று இறங்கும். அது பதிவதற்கான உவமை: ‘பசுமரத்தாணி போல மனதில் பதிந்தது’. ஆணி வேர்விடாது.

பழைய இலக்கியத்தில் ‘ஊன்று’ வருகிறதா?

நிறைய வருகிறது, அங்கேயும் பாரம்தான். ‘அன்புநாண் ஒப்புரவு கண்ணோட்டம் வாய்மையொடு ஐந்துசால்பு ஊன்றிய தூண்’ என்கிறது குறள் 983. அன்பு, நாணம், ஒப்புரவு என்ற உதவும் குணம், கண்ணோட்டம் என்ற இரக்கம், வாய்மை ஐந்தும் சால்பு என்ற நிறைகுணத்தின் பாரத்தைத் தாங்கும் தூண்கள். குறள் 789 நட்பின் அரியணை எது என்று கேட்டு, ‘கொட்பின்றி ஒல்லும்வாய் ஊன்றும் நிலை’ என்று பதில் சொல்கிறது. மாறாமல், முடிந்த வழியிலெல்லாம் தாங்கிப் பிடிப்பது என்று பொருள். அங்கே ஊன்றுவது தான் நிற்பதற்காக இல்லை, நண்பன் விழாமல் இருப்பதற்காக. இன்றைய ‘வேரூன்றிய’ என்ற சொல்லில் இந்தப் பக்கம் மறைந்துபோய்விட்டது. ‘ஊன்றுகோலாக இருந்தார்’ என்று சொல்லும்போது மட்டும் தலைகாட்டுகிறது.

அந்த ஊன்றுகோலைக் குறள் 415 ‘ஊற்றுக்கோல்’ என்கிறது. வழுக்கும் நிலத்தில் அது எப்படியோ அப்படி, ஒழுக்கமுடையவர் வாய்ச்சொல் என்கிறது. தண்ணீர் ஊற்றோடு அதைச் சேர்த்துப் பொருள் சொல்லிவிடாதீர்கள்.

நிலைத்தலுக்குப் பழந்தமிழில் ‘மன்னுதல்’ என்ற சொல்லும் உண்டு. புறநானூறு 165ஆம் பாட்டு ‘மன்னா உலகத்து மன்னுதல் குறித்தோர் தம்புகழ் நிறீஇத் தாம்மாய்ந் தனரே’ என்று தொடங்குகிறது. நிலையில்லாத உலகில் நிலைக்க நினைத்தவர்கள் புகழை நிறுத்திவிட்டுத் தாம் மறைந்தார்கள். அதில் வரும் ‘நிறீஇ’ இன்றைய ‘நிறுத்தி’, ‘நிறுவி’.

பேச்சில் ‘வேரூன்று’ வருமா?

மேடைப்பேச்சில் வரும், வீட்டுப் பேச்சில் அநேகமாக வராது. ஆனால் ‘ஊன்று’ தாராளமாக வரும், உருவம் மட்டும் மாறியிருக்கும். மூன்று ‘மூணு’ ஆனதுபோல ஊன்று ‘ஊணு’ ஆகிவிடும்: ‘கையை ஊணி எந்திரி’, ‘கம்ப நல்லா ஊணு’, ‘கடலை ஊணியாச்சா?’. நிலைத்துவிட்டதைச் சொல்ல ‘நிலைச்சு நின்னுட்டான்’ என்பார்கள், அல்லது ‘செட்டில்’ இருக்கவே இருக்கிறது. வந்த விருந்தாளி கிளம்புகிற மாதிரி தெரியவில்லை என்றால் ‘டேரா போட்டுட்டார்’. அதை நேரே அவரிடம் சொல்வதில்லை.

எதிர்ச்சொல் என்ன?

எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வேர்விடுமுன் என்றால் ‘முளையிலேயே கிள்ளுதல்’. வேரூன்றிய பிறகு என்றால் ‘வேரறுத்தல்’, ‘வேரோடு களைதல்’. நின்றது அசையத் தொடங்கினால் ‘ஆட்டங்காணுதல்’. நின்றவர் குலைந்தால் ‘நிலைகுலைதல்’, தள்ளாடினால் ‘நிலைதடுமாறுதல்’. ‘வேரூன்றாத’ என்பது எதிர்மறைதானே தவிர எதிர்ச்சொல் அல்ல. இன்னும் வேர் விடவில்லை என்று மட்டும் அது சொல்கிறது. தேர்வில் ஒரே சொல் கேட்டால் ‘வேரற்ற’ என்று எழுதிவிட்டு வாருங்கள்.